மாந்தோப்பில் சூடேறிய லாரி

பெண்டாட்டிக்குத் தெரியாமல் சேவற்கட்டு பார்த்தே தீருவது என்று கோச்சடை உக்கிரபாண்டி அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் விளக்கும்போது முடிவு செய்தார். முடிவு செய்ததும் பயமாக இருந்தது. இன்னொரு தரம் வாய் கொப்பளித்தார்.

பெயரில் இருக்கிற உக்கிரம் அவருக்கு வாசல்படி வரைக்கும்தான். வீதியில் அவருடைய லாரி ஆரன் கேட்டால் வண்டிமாடுகள் தாமாக ஒதுங்கும். வீட்டுக்குள் மாயக்காள் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டால் அவர் தாமாக ஒதுங்குவார்.

சேவற்கட்டுக்கு வீட்டில் தடை விழுந்ததற்குக் காரணம் உண்டு. தை மாதம், மாயக்காள் குஞ்சிலிருந்து வளர்த்த கறுப்புச் சேவலை, "சும்மா காத்தாட நடத்திட்டு வாரேன்" என்று சொல்லி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். சேவலைக் காற்றாட நடத்திப்போகிறவரை மதுரைச் சீமையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. சேவல் தோற்றது. தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பேர். அது ஜெயித்தவன் வீட்டுக் குழம்புக்குப் போய்விடும். சேவல் போயிற்று. இவர் மட்டும் வந்தார்.

"கோச்சடையில குடியிருந்தா கோச்சையாத்தான் திரும்பி வரணுமா?" என்று கேட்டாள் மாயக்காள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இப்போது அவருடைய கூட்டாளி நல்லகாமன், அப்பன்திருப்பதிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் கட்டு வைத்திருந்தான். அவனுடைய செம்பூத்து நிறச் சேவல் களத்தில் இறங்குகிறது. அதைப் பார்க்காத கண் எதற்கு என்று உக்கிரபாண்டிக்குத் தோன்றியது. ஆனால் கோச்சடையிலிருந்து அப்பன்திருப்பதிக்கு என்ன சாக்குச் சொல்லிப் போவது?

சாக்கு தானாகவே வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியது.

மாயக்காளின் தம்பி வெள்ளைத்துரையிடம் ஒரு பஸ் இருந்தது. அது மதுரைக்கும் அழகர்கோவிலுக்கும் ஓடியது. ஓடியது என்பது அந்தப் பஸ்ஸுக்குக் கொடுக்கிற மரியாதை. அழகர்கோவில் அடிவாரத்தில் அதன் இஞ்சினுக்குள் ஏதோ முறிந்து நின்றுவிட்டது என்று பால்காரர் வந்து சொன்னார். சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டது. வருஷம் பூராவும் ஈ ஓட்டுகிற பஸ், அந்தத் திருவிழாவில்தான் ஆள் ஓட்டும். தல்லாகுளத்துப் பட்டறை மேஸ்திரி பேச்சிமுத்து கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னைக்கு விளக்கு வைக்கிறதுக்குள்ள பஸ் வந்துட்டா கையில எடுத்துருவேன். இல்லைன்னா வேற வண்டியை எடுத்துருவேன். அப்புறம் திருவிழா முடிஞ்சுதான்."

"உங்க லாரியில கட்டி இழுத்துட்டு வந்துருவீகளா?" என்று மாயக்காள் கேட்டாள்.

அழகர்கோவில் ரோட்டில்தான் அப்பன்திருப்பதி. உக்கிரபாண்டிக்கு அழகரே மலைமேல் நின்று கை காட்டுவதுபோல் இருந்தது.

"மாப்ளைக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்? இந்தா, கிளம்பிட்டேன்!"

"இருங்க. நானும் வாரேன்."

அழகர் கையை இறக்கிக்கொண்டார்.

உக்கிரபாண்டி தளரவில்லை. லாரியின் மூக்கில் கைப்பிடியைச் செருகிச் சுற்றிக் கிளப்பினார். மாயக்காள் புளியோதரைத் தூக்கோடு முன்பலகையில் ஏறி உட்கார்ந்தாள். ஊருக்குள் புகுந்து வைகைப் பாலத்தில் ஏறும்போது அவர் வலையை விரித்தார்.

"இந்தா பாரு, போகும்போது வெறும் வண்டி. பறக்கும். வரும்போது இழுக்கணும். இழுப்புன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? எங்க பெரியப்பாவுக்கு இருந்துச்சு. மழைக்காலத்துல ரொம்பப் படுத்தும்."

"அந்த இழுப்பு இல்லடி! பஸ்ஸை இழுக்கிற இழுப்பு. பாரம் இழுத்தா இஞ்சின் கொதிக்கும். கூடவே பெட்டியும் கொதிக்கும்."

"எந்தப் பெட்டி? என் சீலைப் பெட்டியையா வண்டியில ஏத்தியிருக்கீக?"

"கியர்ப் பெட்டிடி! உன் காலுக்கடியில, பலகைக்குக் கீழ இருக்கு. உள்ளாற பல்லுச் சக்கரமெல்லாம் எண்ணெயில சுத்தும். சூடு ஏறினா எண்ணெய் தண்ணியா இளகிரும். அப்புறம் பல்லும் பல்லும் நறநறன்னு ஒரசும்."

"வீட்டுக்கு வீடு நடக்குறதுதான்."

உக்கிரபாண்டி அதைக் காதில் வாங்காதவர்போல ஆரனை அடித்தார்.

"அதனால வழியில நிப்பாட்டி ஆற விடணும். இஞ்சின் ஆறணும்."

மாயக்காள் பாலத்துக்குக் கீழே பார்த்தாள். பங்குனி வைகையில் கழுதைகள் மணலில் புரண்டுகொண்டிருந்தன. "ஆத்துக்கே தண்ணி இல்ல. இஞ்சினை எங்க வச்சு ஆத்துவீக?"

"அது இஞ்சினே சொல்லும். அநேகமா... அப்பன்திருப்பதி மாந்தோப்புக்கிட்டச் சொல்லும்."

"இப்பவே சொல்லிருச்சா?"

"அனுபவம்டி! ரெண்டு மணி நேரமாச்சும் அங்க நிக்கணும்."

"அம்புட்டு நேரமா? தம்பி பாவம், விளக்கு வைக்கிறதுக்குள்ள போகணுமே. வெரசா ஆத்துறதுக்கு வழியே இல்லையா?"

இந்த இடத்தில் உக்கிரபாண்டி வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து மாயக்காள் அவரிடம் எதையும் விளக்கச் சொல்லிக் கேட்டதில்லை. அவர் நெஞ்சு ரேடியேட்டர் மாதிரி விளிம்புவரை நிறைந்தது.

"வழி இல்லாம என்ன? ஆனா அது எல்லாருக்கும் தெரியாது. கேளு. முதல்ல, இழுக்கும்போது பெரிய கியர்ல போகவே கூடாது. ரெண்டாங் கியர்ல பைய, மாட்டுவண்டி மாதிரி போகணும். பாரம் இஞ்சினை அமுக்காது, காத்தாடியும் நல்லாச் சுத்தும்."

"ம்."

"பொங்கிருச்சுன்னு வையி, இஞ்சினை உடனே அமத்தக் கூடாது. சும்மா ஓட விடணும். பானெட்டு மூடியை ரெண்டு பக்கமும் தூக்கி விடணும். ரேடியேட்டர் மூஞ்சியில காத்துப் படணும்; தூசி தும்பு அடைச்சிருந்தா எடுத்துரணும். பெட்டி மேல ஈரச் சாக்கைப் போடணும்."

"காச்சக்காரனுக்கு நெத்தியில துணி போடுற மாதிரி."

"அதேதான்! ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தா மூஞ்சி வெந்துரும். கொஞ்சம் ஆறினப்புறம் சாக்கை மடிச்சுப் பிடிச்சுத் திறக்கணும். பச்சைத் தண்ணியை மடமடன்னு ஊத்தினா இரும்பு விரிசல் விட்டுரும். பையப் பைய ஊத்தணும்."

"சுடு சட்டியில பச்சைத் தண்ணி ஊத்துன கதைதான். அப்புறம்?"

"அப்புறம் முக்கியமானது. நின்ன பாரத்தைக் கிளப்புறப்பதான் பெட்டிக்கு ரொம்பக் கஷ்டம். கிளம்பிட்டா ஓடுற வரைக்கும் ஓட விட்டுரணும். சும்மா சும்மா நிப்பாட்டவே கூடாது."

"இப்பத்தானே நிப்பாட்டணும்னீக?"

"அதெல்லாம் தொழில் ரகசியம்."

மாயக்காள் தலையை ஆட்டினாள். தல்லாகுளம் தாண்டி, மூன்றுமாவடி தாண்டி, அழகர்மலை நீலமாகத் தெரிகிற வரைக்கும் அவள் "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள். இப்படி ஒரு அடக்கமான பெண்டாட்டியை இத்தனை காலம் தவறாக நினைத்துவிட்டோமே என்று உக்கிரபாண்டிக்குக் கொஞ்சம் கண்கூடக் கலங்கியது.

அடிவாரத்துப் புளியமரத்தடியில் வெள்ளைத்துரை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் பஸ்ஸும் அதே தோரணையில் இருந்தது.

"மச்சான், நல்லவேளை வந்தீக! விளக்கு வைக்கிறதுக்குள்ள போயிருவோமா?"

"நான் இழுக்கிறேன்ல, கவலைப்படாத மாப்ள!"

சங்கிலி மாட்டினார்கள். வெள்ளைத்துரை பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். லாரி முக்கியது, முனகியது, நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் உக்கிரபாண்டி பெரிய கியரைப் போட்டார். லாரி உடம்பெல்லாம் உதறிக்கொண்டு இருமியது.

"ரெண்டாங் கியர்னு சொன்னீக?" என்றாள் மாயக்காள்.

"அது பொதுவாச் சொன்னது. இது நல்ல ரோடு."

அவருக்கு வேண்டியது மாந்தோப்பு வரும்போது இஞ்சின் கொதிக்கவேண்டும் என்பதுதான். சூட்டில் கண்ணில் நீர் வர, பின்னால் வெள்ளைத்துரை கையை ஆட்டிக் கத்த, அவர் ஆக்சிலேட்டரை அமுக்கினார். ஆனால் லாரி அவர் நினைத்ததைவிட விசுவாசமானது. கேட்டதற்கு மேலேயே கொடுத்தது. மாந்தோப்பு கண்ணில் பட்டதும் முன்னால் புஸ்ஸென்று ஆவி கிளம்பி, ரோடே மறைந்துபோனது.

"பொங்கிருச்சு! பாத்தியா, பொங்கிருச்சு!" என்று உக்கிரபாண்டி தைப்பொங்கல்போலக் கூவினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த வெள்ளைத்துரைக்கே சந்தேகம் வந்தது.

"மச்சான், பக்கத்துலயே கமலை இறைக்கிறாக. வாய்க்கால்ல தண்ணி ஓடுது. மொண்டுட்டு வாரேன்."

"வேண்டாம் மாப்ள! அது சவருத் தண்ணி. இஞ்சினுக்கு ஆகாது. தோப்புக்குள்ள ஒரு கிணறு இருக்கு. இளநி மாதிரி இருக்கும்."

"இஞ்சின் குடிச்சுப் பாத்துச் சொல்லுச்சாக்கும்" என்றாள் மாயக்காள்.

அந்த நேரம் பார்த்துத் தோப்புக்குள்ளிருந்து 'ஓ'வென்று ஒரு கூச்சலும் விசிலும் எழுந்தன.

"அது என்ன சத்தம்?"

"மாங்கா... மாங்கா பறிக்கிறாக."

"மாங்கா பறிக்கிறதுக்கு விசிலா?"

"பெரிய மாங்காயா இருக்கும்."

மாயக்காள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தகரத் தூக்குவாளியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "பையப் போயிட்டு வாங்க. அவசரமில்ல."

இவ்வளவு சாந்தமாக அவள் பேசினால் அதில் ஏதோ இருக்கிறது என்று உக்கிரபாண்டிக்குத் தெரியும். ஆனால் கால் அதற்குள் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

தோப்புக்குள் திருவிழாக் கூட்டம். "மாப்ள! வா வா, உனக்காகத்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன்!" என்று நல்லகாமன் கூட்டத்தைப் பிளந்து அவரை முன்வரிசைக்கு இழுத்தான். செம்பூத்துச் சேவல் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு இறங்கியது. எதிரே ஒரு வெள்ளைச் சேவல். முதல் பாய்ச்சலிலேயே இறகு மழை பெய்தது. உக்கிரபாண்டி தன்னை மறந்தார், லாரியை மறந்தார், மாயக்காளையே மறந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேவல்களைப் பிரித்துத் தண்ணீர் தெளித்து ஆற்றுகிற நேரம் வந்தது. "மாப்ள, அந்த வாளியைக் குடு!" லாரிக்காக அவர் வரும் வழியில் கிணற்றில் மொண்டு வைத்திருந்த தண்ணீரை நல்லகாமன் வாய் நிறைய எடுத்துச் சேவல்மேல் புஸ்ஸென்று ஊதினான். மிச்சத்தை எதிராளி வாங்கித் தன் சேவலை ஆற்றினான். வாளி காலியானது.

மறுபடியும் இறக்கினார்கள். செம்பூத்து ஒரு எட்டு பின்னால் வைத்தது, எம்பியது...

அப்போது தூரத்தில் ஒரு இருமல் கேட்டது.

ஆயிரம் பிள்ளைகள் அழுதாலும் பெற்றவளுக்குத் தன் பிள்ளையின் அழுகை தெரியும். உக்கிரபாண்டிக்குத் தன் லாரியின் இருமல் தெரியும். அது நின்ற இடத்தில் இருமுகிற இருமல் இல்லை. போகிற இருமல்.

"ஏய்! என் வண்டி!"

வேட்டியை மடித்துக் கட்டினார். வாளியைத் தூக்கிக்கொண்டு வரப்பு, வாய்க்கால், கடலைக்காடு என்று பார்க்காமல் பாய்ந்தார். ரோட்டுக்கு வந்து பார்த்தால் லாரி மதுரையைப் பார்த்து நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுவது வெள்ளைத்துரை. பின்னால் சங்கிலியில் பஸ். அப்படியானால் பஸ்ஸின் ஸ்டியரிங்கில் யார்?

மாயக்காள். முந்தானையை இழுத்துச் செருகி, கொண்டையை இறுக்கி, இரட்டை மாட்டுவண்டியில் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பதுபோல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

உக்கிரபாண்டி ஓடிப்போய் பஸ்ஸுக்குப் பக்கவாட்டில் சேர்ந்துகொண்டார். ரெண்டாங் கியர் ஆனதால் ஓடிக்கொண்டே பேச முடிந்தது.

"அடியே! நிப்பாட்டு!"

"நிப்பாட்டக் கூடாதாம்ல? நின்ன பாரத்தைக் கிளப்புனா பெட்டிக்குக் கஷ்டமாம். பெரிய டிரைவர் ஒருத்தர் சொன்னாரு."

"இஞ்சின்... இஞ்சின் வெடிச்சுரும்டி! ரெண்டு மணி நேரம் ஆறணும்!"

"ஆறியாச்சு."

"எப்படி?"

"நீங்க சொன்னபடிதான். அமத்தாம ஓட விட்டோம். பானெட்டு மூடியைத் தூக்குனோம். ரேடியேட்டர் மூஞ்சியைப் பாத்தா அம்புட்டும் வைக்கோல் தும்பு! போன வாரம் வைக்கோல் ஏத்துனீகளே, ஒரு தடவையாச்சும் குனிஞ்சு பாத்தீகளா? என் கொண்டை ஊசியால நோண்டி எடுத்தேன். ஒரு குருவி கூடு கட்டலாம்."

உக்கிரபாண்டிக்கு மூச்சு வாங்கியது. "தண்ணி? தண்ணிக்கு என்ன பண்ணுன?"

"கமலைத் தண்ணிதான். பையப் பைய ஊத்துச்சு தம்பி. இஞ்சின் சப்புக் கொட்டிக் குடிச்சுச்சு. சவருன்னு ஒரு வார்த்தை சொல்லல."

"பெட்டி..."

"ஈரச் சாக்கு போட்டிருக்கு. காஞ்சா நனைச்சுக்கிறதுக்கு ரெண்டு தகரத் தண்ணி லாரியிலயே இருக்கு. அது சரி, உங்க வாளியில தண்ணியக் காணோம்?"

உக்கிரபாண்டி வாளிக்குள் பார்த்தார். அவருக்கும் காணோம்.

"கிணறு... வத்திப்போச்சு."

"வத்துன கிணத்துல கோழி நீச்சல் அடிச்சுச்சோ? தலையில இறகு இருக்கு."

உக்கிரபாண்டி தலையில் தடவினார். ஒன்று அல்ல, இரண்டு. செம்பூத்து ஒன்று, வெள்ளை ஒன்று.

"சத்தியமா நான் பந்தயம் எதுவும் கட்டலடி. பாக்கத்தான் போனேன். அதுவும் பாதிதான் பாத்தேன்."

"பாவம். ஏறுங்க. ஓடி ஓடிப் பொங்கிரப் போறீக. உங்களை ஆத்துறதுக்கு எங்கிட்டத் தண்ணி இல்ல."

படிக்கட்டைப் பிடித்துத் தொற்றி ஏறினார். "தள்ளு, நான் பிடிக்கிறேன்" என்று கை நீட்டினார்.

"ஓடுற வண்டியில ஆள் மாத்தக் கூடாது. சங்கிலி தொய்ஞ்சுரும். பின்னாடி உக்காருங்க. புளியோதரை இருக்கு."

பின்னால் போய் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வரவேண்டும் என்று அவருக்கே தோன்றியது. வந்துதான் பார்த்தது. ஆனால் ஓடி வந்த பசியும் புளியோதரை வாசமும் அதை வழியில் மறித்துவிட்டன. சன்னல் காற்று அடித்தது. மாயக்காள் ஒவ்வொரு மேட்டிலும் சங்கிலி தொய்யாமல் பார்த்தாள், ஒவ்வொரு இறக்கத்திலும் பிரேக்கை இதமாக மிதித்தாள். லாரியை அவர் இழுத்த இழுப்பு என்ன, அது இப்போது போகிற போக்கு என்ன! கடச்சனேந்தலில் கமலை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து பார்த்தார்கள். ஒரு பொம்பிளை பஸ் ஓட்டுகிறாள் என்று தல்லாகுளம் வருவதற்குள் சேதி முன்னால் போய்விட்டது. கடைவீதியில் கூட்டம் வழிவிட்டு நின்றது. ஒருவர் பின்சீட்டைக் காட்டி, "அவரு யாரு?" என்று கேட்டார். "யாரோ பாசஞ்சர்" என்றார் இன்னொருவர்.

பட்டறையில் பேச்சிமுத்து மேஸ்திரி விளக்குக்குத் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தார். வண்டிகளைப் பார்த்ததும் எழுந்து வந்து லாரியின் பானெட்டில் கை வைத்தார். கையை எடுக்கவில்லை. குனிந்து கியர்ப் பெட்டியைத் தொட்டார். வெள்ளைத்துரையைப் பார்த்தார்.

"இம்புட்டு தூரம் இந்தப் பாரத்தை இழுத்துட்டு, பெட்டி இப்படிச் சூடேறாம இருந்து நான் பாத்ததில்ல தம்பி. யாரு வேலை இது?"

வெள்ளைத்துரை அக்காளைக் காட்டினான். மாயக்காள் முந்தானையை அவிழ்த்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, வெட்கத்தோடு, "எல்லாம் இவுக சொல்லிக் குடுத்ததுதான்" என்று புருஷனைக் காட்டினாள். உக்கிரபாண்டி நெஞ்சை நிமிர்த்தினார். மேஸ்திரி அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்ததால், இன்னொரு இறகு இருக்கிறதோ என்று உடனே குனிந்துகொண்டார்.

பஸ் திருவிழாவுக்கு முந்தின நாளே பட்டறையைவிட்டு வெளியே வந்தது. அழகர் ஆற்றில் இறங்கிய வாரம் பூராவும் வெள்ளைத்துரை கூரைமேல்கூட ஆள் ஏற்றினான். அக்காளுக்குச் சுங்கடிச் சேலை எடுத்து வந்தான். மச்சானுக்கும் ஒரு துண்டு எடுத்து வந்தான். மாந்தோப்பில் கடைசியில் எந்தச் சேவல் ஜெயித்தது என்று மட்டும் உக்கிரபாண்டிக்குத் தெரியவே இல்லை. நல்லகாமனைக் கேட்கலாம், ஆனால் நல்லகாமன் வாசலில் வந்தாலே மாயக்காள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

திருவிழாக் கூட்டமெல்லாம் வடிந்தபின் ஒருநாள் காலையில், அவனியாபுரத்திலிருந்து இரண்டு பேர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்கள். நெல் ஏற்றிய அவர்கள் லாரி கண்மாய்க்கரையில் நின்றுபோயிற்றாம். ஊருக்குள் இழுத்து வரவேண்டுமாம். உக்கிரபாண்டி புதுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அதுக்கென்ன, இழுத்துருவோம். எம்புட்டுப் பாரம்? ஏத்தமா, இறக்கமா?"

வந்தவர்கள் அவரைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே, அக்கா இருக்காகளா?"

"என்னய்யா, நான்தானே லாரிக்காரன்?"

"அது தெரியும்ணே" என்று பெரியவர் மரியாதையாகச் சொல்லிவிட்டு, வேப்பமரத்து நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். "அக்கா வேலையை முடிச்சுட்டு வரட்டும். நாங்க இருக்கோம்."

உக்கிரபாண்டி தோளில் போட்ட துண்டை எடுத்து மடித்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்:

"மாயக்கா, உன்னத் தேடி ஆள் வந்திருக்கு."